கோயிலாழ்வாரில் ஒரு துளை

எங்கள் வீட்டுப் பெருமாள் அமுது செய்யும்போது, அதாவது நைவேத்யம் ஆகும்போது, யாரும் பார்க்கக் கூடாது. அந்த வேளையில் திரை போட வேண்டும். மைசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், சமையலறையின் ஒரு மூலையில்தான் கோயிலாழ்வார் இருந்தது. கோயிலாழ்வார் என்றால் பெருமாளான சாளக்கிராமம் எழுந்தருளியிருக்கும் மரப்பெட்டி. அங்கே திரை கட்ட வழியில்லாததால் அம்மாதான் திரை. தினமும் ஒரு வேஷ்டியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். அப்பா ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் நிதானமாக மந்திரம் சொல்வார். வலிப்பது அவர் கை இல்லையே.

இதைப் பார்த்துப் பொறுக்காதவர் சித்தப்பா ஒருத்தர்தான். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷமாகியிருந்த சமயம் அது. ஒரு தொழிற்சாலையின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த சித்தப்பா, உலகத்தில் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரு மெஷின் உண்டு என்று நம்பினார். பெருமாளைப் பற்றிக் கேட்டால் “கல்லு” என்பார். தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்ளச் சொல்லி அப்பா அலுத்தே போயிருந்தார். பொறித்துக்கொள்ளாதவர் பெருமாளைத் தொடக் கூடாது. அதற்காகச் சித்தப்பா ஏங்கியதாக யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மேல்கோட்டைக்குப் போயிருந்தார். மத்தியான பஸ்ஸில்தான் வருவார். காலையில் சித்தப்பா ஒரு பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் ட்ரில்லிங் மெஷின். கூடவே ஜன்னல் திரைக்குப் போடுகிற ஸ்பிரிங் கம்பியும், தலை வளையமாக முடிகிற இரண்டு சின்னத் திருகாணிகளும். கோயிலாழ்வாரின் முகப்பில் பூவேலை இருந்ததால், பக்கத்துக்கு ஒன்றாக வெளிப்பலகையில் திருகாணி போட்டுக் கம்பியை இழுத்து மாட்டுவது என்று திட்டம்.

“மன்னி, இன்னியோட உங்க கைக்கு ரிட்டயர்மென்ட்.”

“உங்க அண்ணா வரட்டுமே. பெருமாளை வேற எடத்துல எழுந்தருளப் பண்ணிட்டுப் போடலாம்.”

“பதினோரு மணிக்குள்ள மெஷின் திரும்பப் போகணும், மன்னி. அவர் பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். நான் வெளிலதானே வேலை பண்ணப் போறேன்?”

அம்மாவுக்குத் திரையின் மேல் அவ்வளவு ஆசை. சரியென்றும் சொல்லாமல், வேண்டாமென்றும் சொல்லாமல், குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பெருமாளைத் தொடத்தான் எனக்கும் சித்தப்பாவுக்கும் உரிமையில்லை. அவர் வீட்டில் துளை போடுவதை எந்தச் சாஸ்திரமும் தடுத்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்தார். மெல்லிய துளைக்கம்பியில் நுனியிலிருந்து அரை அங்குலம் விட்டு ஒரு சிவப்பு நூலைச் சுற்றினார். “நூல் பலகையைத் தொட்டவொடனே ஆச்சுன்னு கத்தணும், தெரிஞ்சுதா?” என்றார் என்னிடம். வலப்பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. துளை போட்டபின், ஒரு ஆணியைக் கொக்கியாக வளைத்து மெஷினின் வாயில் பொருத்தி, திருகாணியின் வளையத்தில் மாட்டிச் சுழலவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் திருகாணி உள்ளே இறங்கி நின்றது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இடப்பக்கம் துளைக்கும்போது மெஷின் போட்ட கூச்சலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். காதைப் பொத்தினால் எனக்குக் கண்ணும் மூடிக்கொள்ளும். திறந்து பார்த்தபோது நூல் நழுவி மேலே ஏறியிருந்தது. துளைக்கம்பி முழுக்கப் பலகைக்குள் இருந்தது. சித்தப்பா வெளியே இழுத்தார். அதன் நுனியில் மரத்தூள் இல்லை. வெள்ளை வெளேரென்று மாவு ஒட்டியிருந்தது.

“சித்தப்பா, கல்லு கறுப்புதானே?” என்றேன்.

“எந்தக் கல்லையும் குடைஞ்சா வெள்ளையாத்தான்டி வரும்” என்றார்.

கதவைத் திறந்து பார்க்க இரண்டே விநாடி போதும். அவர் கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் இழுத்துக்கொண்டார். குடத்தோடு வந்த அம்மா அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள். “சும்மா உக்காருங்கோ, ரெண்டு பேரும். அவர் வரட்டும்” என்று மட்டும் சொன்னாள். பதினோரு மணி அடித்தது. சித்தப்பா மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கத்த வேண்டியவள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அப்பா வந்ததும் சித்தப்பா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்பா திட்டவில்லை. குளித்துவிட்டு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, நெற்றிக்கு இட்டுக்கொள்கிற வெள்ளைத் திருமண் கட்டியை நீட்டினார். அதில் சுத்தமாக ஒரு துளை.

“பெருமாளை ஒட்டி வச்சிருந்தேன், நல்லதாப் போச்சு. அவர் சௌக்கியமா இருக்கார். இதுலதான் பட்டிருக்கு.”

நான் ஓவென்று அழுதேன். சித்தப்பா சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் போல் ஆனந்தமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. சித்தப்பா சாத்தமுது என்கிற ரசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி இரவல் வாங்க முடியாது என்று இரண்டாவது திருகாணியையும் மெஷினாலேயே போட்டு முடித்தார். அம்மாவின் கைக்கு விடுதலை கிடைத்தது. பிற்பாடு ஒரு கல்யாணம் விடாமல் சித்தப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

அப்பா பெருமாளுக்குத் திருமஞ்சனம் பண்ணும்போது கல்லின் ஒரு பக்கத்தில் கட்டைவிரலை வைத்தே பிடிப்பார். துடைக்கும்போதும் விரலை எடுக்க மாட்டார். அதுதான் முறை போலிருக்கிறது என்று நானும் கூழாங்கல்லை அப்படிப் பிடித்து விளையாடியிருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, குழந்தையோடு வந்திருந்த ஒரு காலையில் அப்பாவுக்கு ஜலம் எடுத்துக் கொடுத்தேன். அப்போது அவருக்குக் கை நடுக்கம் வந்திருந்தது. விரல் நழுவியது. கல்லில் மிளகளவு ஒரு குழி.

வாசல் அறையில் சித்தப்பா என் குழந்தையிடம் திருமண் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, விரலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்.

“சாளக்கிராமத்துக்கு ஒடஞ்சாலும் தோஷமில்லேன்னு சாஸ்திரம் சொல்றது” என்றார் மெல்ல. “ஆனா உங்க சித்தப்பா சாஸ்திரத்தை நம்பறவன் இல்லையேம்மா. ஜலத்தை விடு.”