கதவுக்குள் வைத்த தோல்

என் தையல் டப்பாவில் பித்தான்களோடும் நூல்கண்டுகளோடும் ஒரு தோல் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் அகலம் இருக்கும். ஒரு பக்கம் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கிறது. மறுபக்கம் இரும்புத் தகடு அழுத்திய தடம் பதிந்து, ஓரங்கள் சுருண்டு போயிருக்கின்றன. என் மருமகள் அதைக் குப்பையில் போடப் பார்த்திருக்கிறாள். "இது என்னத்தே, பிஞ்ச செருப்பா?" என்று கேட்டாள். கார் கதவு என்றேன். வயதானால் இப்படித்தான் என்று நினைத்திருப்பாள், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காரில் தோல் எங்கே இருக்கும் என்று கேட்டால் யாரும் சீட்டைத்தான் காட்டுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பழனி ரோட்டில் இருந்த ஒரு கார் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தேன். சின்னாளபட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அப்பா நெய்த சுங்குடியைத்தான் உடுத்தியிருப்பேன், அதனால் ஏஜென்சிக்கு வருகிற பெண்கள் காரைப் பார்ப்பதற்கு முன்னால் என் சேலையைப் பார்ப்பார்கள். நாங்கள் விற்ற காரைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதவும் தேவையில்லை. கலெக்டர் வந்து இறங்கிய கார், டாக்டர் வீட்டு வாசலில் நின்ற கார், மாப்பிள்ளை அழைப்புக்குப் பூச்சரம் சுற்றிய கார் எல்லாம் அதுதான். உடம்பு உருண்டு, முன்பக்கம் புடைத்து, ஒரு குடும்பமும் அந்தக் குடும்பத்தின் பாத்திர பண்டமும் உள்ளே அடங்குகிற மாதிரி இருக்கும். சீமைக்காரன் செய்து ஒதுக்கிய மாடலின் அச்சுகளை வாங்கி வந்து, வடக்கே ஒரு பெரிய ஆலை கட்டி, வருஷக்கணக்காக அதே வண்டியை முகப்புக் கம்பியை மட்டும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்கள். வேறு கார் வேண்டுமென்றாலும் நாட்டில் பெரிதாகக் கிடையாது. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவன் கைகட்டி நிற்க, விற்கிறவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது.

ஆனால் எங்கள் மேனேஜர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாலிபத்தில் அந்தக் கம்பெனி அவரை ரயில் செலவு கொடுத்து ஆலைக்கு வரவழைத்துக் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்திருந்தது. அங்கே தொழிலாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதை, பூட்டுகிற வரிசையின் கடைசியில் முதல்முதலாக ஒரு வண்டிக்கு உயிர் வந்து அது உறுமியதை, ஏதோ தன் கல்யாணத்தைச் சொல்வது போலச் சொல்வார். "அம்புட்டு பெரிய ஆலை தாயி. உள்ள நின்னா மனுசன் எறும்பு" என்பார். கம்பெனியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அந்தக் காரில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்று ஊரே ஒரு கேலி பேசும். ஏஜென்சிக்குள் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கேலி பொய்யில்லை என்பது எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆலையிலிருந்து புதுக் கார்களை டிரைவர்கள் ரோட்டு வழியாகவே ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாதி இந்தியாவின் புழுதியும் மேலே அப்பியிருக்கும். வந்த கார் முன்வாசலுக்கு வராது. நேராகப் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போகும், படுதாவை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு மேனேஜரையும் மெக்கானிக்கையும், கணக்குக் குறிக்கப் போகிற என்னையும் தவிர யாருக்கும் உள்ளே வேலையில்லை. காசு கட்டியவருக்கே வண்டி வந்த சேதி அப்போது போகாது. உள்ளே அந்தப் புதுக் காரைப் பிரித்து மேய்ந்து, விட்டுப்போன திருகை முடுக்கி, ஒழுகுகிற இடத்தை அடைத்து, பெயிண்ட் படாத மூலைக்குப் பெயிண்ட் அடித்து, அதற்குப் பிறகுதான் அதைப் புதுக் கார் ஆக்குவார்கள். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன் வீட்டுக்குள் நடக்கிற பாடுதான்.

பெரிய தொல்லை கதவு. சாத்தினால் கடகடவென்று ஆடும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. கதவின் கொக்கி வந்து மாட்டுகிற தகடு உள்ளடங்கி இருக்கும், கொக்கிக்கு எட்டாது. அதற்கு மேனேஜர் கண்டுபிடித்த வைத்தியம்தான் தோல். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் தெரிந்தவரிடம் நல்ல கெட்டித் தோலாக வாங்கி வருவார். அதைத் துண்டு போட்டு, கிரீஸில் ஊறவைத்து, ஒவ்வொரு கதவுத் தகட்டுக்கும் அடியில் கொடுத்து முடுக்குவார்கள். பிறகு மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மெக்கானிக் கதவைச் சாத்துவான். "ஏலே, இன்னொருக்கா" என்பார். 'தொப்' என்று கனமாக, அடக்கமாக ஒரு சத்தம் வருகிற வரைக்கும் விடமாட்டார். அந்தச் சத்தம் வந்தால் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பார். குழந்தை சிரிப்பது போல இருக்கும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் பதிந்துவைத்திருந்தார். வாரம் தவறாமல் வந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மேனேஜரிடம் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அவருடைய கார் வந்து, படுதாவுக்குப் பின்னால் எல்லாம் முடிந்து, மாலை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த அன்று அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "பதியறப்பப் பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சுங்க. இப்பப் பேரனுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போறனுங்க. ஆனாலும் பாருங்க, இந்தக் கதவு சாத்தற சத்தத்துக்கே காத்திருக்கலாமுங்க." மேனேஜருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "வருசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டிட்டுப் போங்க. சும்மா பாத்து விடுறோம், காசு வேணாம்" என்றார். தோல் இற்றுப்போகும், மாற்ற வேண்டும் என்பது அதற்குள் இருந்த சேதி. அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனிக் கதவு குறையுள்ள கதவு என்று ஆகிவிடுமே.

மண்டிக்காரர் அந்தச் சத்தத்தை மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்துப் பலர் பதிந்தார்கள். திண்டுக்கல், அய்யலூர், பழனிச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கம்பெனிக்கு இருந்த பெயர் வேறு ஊரில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் கம்பெனியின் கதவைப் புகழ்ந்தார்கள், உண்மையில் அவர்கள் புகழ்ந்தது பேகம்பூர்த் தோலை.

பிறகு எண்பதுகளின் நடுவில் அந்தச் சின்னக் கார் வந்தது. ஜப்பான்காரன் கைவைத்தது என்றார்கள். தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, லாரிக்காரன் தும்மினால் பறந்துவிடும் என்று நாங்களும்தான் சிரித்தோம். ஆனால் பெரிய ஊர்களில் ஜனம் அதற்கு அலைமோதியது. அதைப் பார்த்து எங்கள் கம்பெனி பயந்துபோய், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வண்டியில் என்ன குறை என்று கேட்டுவர ஆளை அனுப்பியது. ஒரு முன்பகலில் டை கட்டிய கம்பெனி அதிகாரி ஒருவர் எங்கள் ஏஜென்சியில் வந்து இறங்கினார். வியர்த்து வழிந்தது, ஆனால் நல்ல மனிதர். வாசலில் டெலிவரிக்குத் தயாராக நின்ற காரின் கதவைத் திறந்து சாத்தினார். 'தொப்.' மறுபடி சாத்தினார். இந்தச் சத்தத்தை அந்தச் சின்னக் காரில் கொண்டுவரட்டும் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, மேனேஜரின் தோளில் தட்டினார்.

அதே நேரம் பின்பக்கத்துப் படுதாவுக்குள் முந்தின நாள் வந்து சேர்ந்த கார் ஒன்று நின்றது. அதன் பின்கதவு சாத்தவே சாத்தாமல், ஓட்டிவந்த டிரைவர் வழியெல்லாம் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மெக்கானிக் படுதாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேனேஜரையே பார்த்தான். ஒரு தலையசைப்பு போதும், தூக்கியிருப்பான். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்மையாகவே கேட்டார். வண்டியில் குறை ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஆலையில் சரிசெய்யத்தான் கேட்கிறோம் என்றார். மேனேஜர் ஒரு கணம் படுதாவைப் பார்த்தார். பிறகு, குறை ஒன்றும் இல்லை என்றார்.

அதிகாரி போன பிறகு மெக்கானிக் கொதித்தான். "ஏன் சார், கேக்க வந்தவன்ட்டக் கூட சொல்லலேன்னா வேற யார்ட்ட சொல்றது?" மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியாலே? நம்ம வீட்டுப் பிள்ளை திக்குவாய்ன்னு நாமளே ஊருக்குச் சொல்லுவமா?" என்றார். கேட்டவர்கள் ஊரில்லை, அந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் என்று அன்று நான் சொல்லியிருக்கலாம். டைப்பிஸ்டிடம் யார் கேட்டார்கள்?

அடுத்த மழைக்காலத்தில் மண்டிக்காரர் வந்தார். டீ சொன்னதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து இந்தத் தோல் துண்டை எடுத்து மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். சரக்கு அனுப்பிய பணத்தை வசூலிக்க மனைவியோடு பாலக்காட்டுப் பக்கம் போயிருக்கிறார். விடாத மழை. ஊறிப்போன தோல் நசுங்கி, தகடு ஆட்டம் கொடுத்து, ஒரு வளைவில் கதவு திறந்துகொண்டது. அந்த அம்மா ரோட்டில் விழுந்து கை ஒடிந்துவிட்டது. அங்கேயிருந்த மெக்கானிக் கதவைப் பிரித்து, இந்தத் தோலைக் கையில் எடுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குக் காட்டுவது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "ஏனுங்க மேனேஜர், இது கம்பெனி வெச்சதுங்களா, நீங்க வெச்சதுங்களா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் எழுந்து நின்றுகொண்டார். கம்பெனிக் கதவு சாத்தாது, அதனால் வைத்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "நான் வெச்சதுதாங்க" என்றார். அவ்வளவுதான். மண்டிக்காரர் குடையை எடுத்துக்கொண்டார். "உங்களை நம்பித்தானுங்க காத்திருந்தேன், கம்பெனியை ஆரு கண்டா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

முழுப் பூசணிக்காய் எத்தனை நாளைக்குச் சோற்றுக்குள் இருக்கும்? மண்டியில் ஒவ்வொருவராகக் கதவைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தோல் இருந்தது. சேதி கம்பெனிவரை போயிற்று. ஆலையில் வைக்காத பொருளை ஏஜென்சி வைத்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஏஜென்சி முதலாளிக்குப் பதில் வந்தது. எழுதியவர் அந்த அதிகாரியேதான். அவரிடம்தானே குறை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தோம். முதலாளி மேனேஜரை அழைத்து, ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார். மண்டிக்காரர் அந்தச் சின்னக் காரை வாங்கினார். எங்கள் ஏஜென்சியைக் கடந்துதான் போவார், திரும்பிப் பார்க்கமாட்டார்.

மேனேஜரைக் கடைசியாகப் பார்த்தது அகரத்தில் அவர் மகள் வீட்டில். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். வெற்றுடம்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டார். கம்பெனியில் புது வண்டி விடப்போகிறார்களாமே என்று விசாரித்தார், அப்போதும்! கிளம்பும்போது, தானாகவே சொன்னார். "ஒரே ஒரு வண்டியவாவது அப்படியே விட்டுருக்கணும் தாயி. கதவு ஆடுற சத்தம் அவுங்க காதுல விழுந்துருக்கும். நான் எல்லாத்தையும் தோலைக் குடுத்து அடைச்சுப்புட்டேன்." அழுகை வந்தது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருடைய மேஜையைக் காலி செய்த அன்று எடுத்துவைத்த இந்தத் துண்டு என் கைப்பையில்தான் இருந்தது. கொடுக்கவும் மனம் வரவில்லை.

அந்தக் கம்பெனி இன்று கார் செய்வதில்லை. ஏன் தோற்றது என்று படித்தவர்கள் பல காரணம் எழுதுகிறார்கள். சர்க்கார் கெடுத்தது, போட்டி இல்லாததால் சோம்பிப்போனது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த காரணம் என் தையல் டப்பாவில் இருக்கிறது. குறை சொல்லிக் கோபித்தவர்கள் அந்தக் கம்பெனியைக் கெடுக்கவில்லை, குறையை மூடிவைத்தவர்கள்தான் கெடுத்தார்கள். அதன்மேல் உயிரை வைத்திருந்த எங்கள் மேனேஜரைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன வாரம் என் மகன் புதுக் காரை முதல் சர்வீஸுக்கு விட்டான். நானும் கூடப் போயிருந்தேன். ஏ.சி. போட்ட கண்ணாடிக் கூடம், காப்பி எல்லாம் கொடுத்தார்கள். வண்டியைத் திருப்பித் தந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, கழுத்தில் அட்டை தொங்கியது. பின்கதவு ஒரே தடவையில் சாத்துவதில்லை என்று மகன் சொன்னதற்கு, பார்த்தாகிவிட்டது சார் என்றான். பிறகு என் பக்கம் குனிந்து, "அம்மா, கம்பெனிலேர்ந்து போன் வரும்மா, சர்வீஸுக்கு மார்க் கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு சொல்லிருங்கம்மா. ஒண்ணு கொறஞ்சாலும் என்னையத்தாம்மா கேப்பாங்க" என்றான்.

நேற்றுப் போன் வந்தது. மகன் வாசலில் இருந்ததால் நான் எடுத்தேன். ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். வண்டியில் ஏதாவது குறை உண்டா அம்மா, தயங்காமல் சொல்லுங்கள், எங்களைத் திருத்திக்கொள்ளத்தான் கேட்கிறோம் என்றாள். தையல் டப்பா மடியில்தான் இருந்தது. மேனேஜர் சொல்லாமல் விட்டதற்காக இத்தனை வருஷம் அவர்மேல் வருத்தப்பட்டவள் நான். அந்தப் பையனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"குறை ஒண்ணும் இல்லம்மா. பத்துக்குப் பத்து போட்டுக்க" என்றேன்.

வாசலில் மகன் கார் கதவைச் சாத்துவது கேட்டது. பிடிக்கவில்லை. மறுபடியும் சாத்தினான்.