நந்தன் சொன்ன டேனிஷ் கதைகள்

போன ஞாயிறு மகள் தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டாள். சாம்பல் வானம், ஈரத் தெரு, பேருந்தில் பக்கத்து இருக்கைக்கு யாருமே வராத ஒருவன். எந்தப் படமென்று உடனே பிடித்துவிட்டேன்.

"டேனிஷ் படம். மறியலால, சிறையால வந்த தம்பி. கடைசியில தமையன் 'உள்ள வா' எண்டு கூப்பிடுவான், பாரன்."

"சும்மா அளக்காதேங்கோ அப்பா!"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் சூரிச்சில் ஒரு சின்னத் தியேட்டரைத் துடைத்தவன்; அந்தப் பளபளப்பை அதற்குப் பிறகு அந்தத் தரை கண்டிருக்காது. பிற்பகல் காட்சி முடியும்வரை நானும் கூட வேலைசெய்த நந்தனும் கடைசி வரிசையில் இருப்போம். பொப்கோர்ன் வாசனையோடு நனைந்த கம்பளிக் கோட்டு வாடையும் வரும். டேனிஷ்காரர் கதைப்பது குறைவு, முறைப்பது கூட. எங்கள் சொந்தக்காரர் மாதிரித்தான். கீழே ஓடும் ஜெர்மன் எழுத்தை ஏ.எல். வரை படித்த நந்தன் என் காதுக்குள் தமிழில் சொல்லுவான்.

அப்போது பக்கத்து ஊரான பாடனில் இருந்த என் தமையனோடு எனக்குப் பேச்சில்லை. அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவனே நான். தன் மகள் பெரியபிள்ளையானதற்கு மண்டபத்தில் வைத்த சாமத்தியச் சடங்கில் ஒரு பெரிய மனிதர் என்னை யாரென்று கேட்க, "ஊரில பக்கத்து வீடு" என்றார் தமையன். துடைக்கிறவன் தம்பியாக இருக்கக்கூடாதாம்.

மகள் போட்ட இதே படம் அப்போது எங்கள் தியேட்டரில் ஓடியது. முடிவில் தமையன் வாசலில் நின்று ஏதோ சொல்கிறான், திரை இருண்டுவிடுகிறது. "'உள்ள வா, இது உன்ர வீடு' எண்டுறான் அண்ணை" என்றான் நந்தன். அழுதுவிட்டேன். அடுத்த நாளே கேக் பெட்டியோடு பாடனுக்கு ரயில் ஏறினேன். மணி அடித்தேன். வாசல் ஒலிபெருக்கியில் தமையனின் குரலே சொன்னது: "வீட்டில ஒருத்தரும் இல்லை."

டேனிஷ்காரனுக்கு இருந்த மனம்கூட இவருக்கு இல்லையே என்று இருபது வருடம் பொருமினேன்.

ஞாயிறு படம் முடிந்தது. கீழே ஓடிய எழுத்தை மகள் வாசித்தாள்: "'இனி இந்தப் பக்கம் வராதை' எண்டு சொல்லுறான் அப்பா."

லண்டனில் இருக்கும் நந்தனுக்குப் போன் அடித்தேன்.

"எனக்கும் அப்ப ஜெர்மன் எழுத்து வாசிக்கத் தெரியாது அண்ணை. படிச்சவன் எண்டு நம்பினியள். எப்பிடிச் சொல்லுறது? நானே கதை கட்டிவிட்டனான்."

"எல்லாப் படமுமோ?"

"ஓம், எல்லாம்தான்!" சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். தமையனும் போய்விட்டார். செத்தவீட்டன்றுதான் அவர் வீட்டுக்குள் முதன்முதலில் கால் வைத்தேன். கதவு திறந்தே கிடந்தது. யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.