பேட்டை வேண்டாம், நகர் போதும்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மெட்ராஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. காரைக்காலில் பஸ் ஏறியதிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. துணைக்கு வந்த அப்பாவோ, "சாயங்காலத்துக்குள்ள நல்ல எடத்துல ரூம் அமையலன்னா திரும்பிடுவோம்மா. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல இடத்தைப் பெயரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் ஊரில் தருமபுரம் பக்கம் வயலைத் தூர்த்து மனை போட்டபோது எல்லாவற்றுக்கும் நகர் என்றே பெயர் வைத்தார்கள். வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் குடிவந்தார்கள். ஆகவே நகர் என்றால் கௌரவம். பாக்கம் என்றால் மீன்பிடி குப்பம். பேட்டை என்றால் சந்தை, சண்டை. மெட்ராஸையும் அந்தக் கோலாலேயே அளந்தார்.

முதலில் போன நகரில் முழங்கால் தண்ணீர். தவளைகள்தான் எங்களை வரவேற்றன. பத்து வருஷத்துக்குள் அங்கே மாடி வீடுகள் நெருக்கியடித்து நின்றன என்பது வேறு விஷயம். அடுத்து, வழியில் பஸ் மாறிய நுங்கம்பாக்கத்தில் மதில் மதிலாகப் பங்களாக்கள். "இதுவா பாக்கம்?" என்று அப்பா வாய் பிளந்தார். எனக்கு ஒவ்வொரு தெருவையும் பார்க்கப் பார்க்க ஆசை பொங்கியது. பொழுதோ ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வேறு வழியின்றி சைதாப்பேட்டை. மாடியில் ஒற்றை அறை, காற்றோட்டமாக இருந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் கேட்டார்: "எந்த ஊரு நீங்க?"

"காரைக்கால்ங்க."

அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "அங்க தெருவுக்குத் தெரு சாராயக் கடையாமே? வேணாம் சார், இது குடும்பம் இருக்குற வீடு."

சோடாவைத் தவிர வேறெதையும் கடையில் வாங்கிக் குடித்தறியாத அப்பா ஆடிப்போனார். "திருநள்ளாறும் எங்க பக்கம்தாங்க" என்றார்.

"ஒரு பக்கம் சாராயம், இன்னொரு பக்கம் சனியா?"

"ஊர்ப் பேர வச்சு ஆள எட போடலாமாங்க?" என்று கேட்டார் அப்பா.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "காலையிலேருந்து நீங்க அதத்தானப்பா செஞ்சீங்க" என்றேன். அந்த அம்மாள் என்னவென்று விசாரித்தார். பேட்டை, பாக்கம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "அப்ப எங்க பேட்டைன்னா ரவுடிங்களா?" என்று அவரும் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் காரைக்கால் பஸ்ஸில் அப்பா மட்டும் ஏறினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ சந்தோஷத்தில் அழுகைகூட வரவில்லை.