வெட்ட வேண்டாம் என்றார் அப்பா

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுகிறேன். தம்பிதான் எழுதுவதாக இருந்தது. "அக்கா, நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள், நீங்களே எழுதுங்கோ" என்று கனடாவிலிருந்து சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் போல இதுவும் என் தலையில் விழுந்தது.

அப்பா வடமராட்சியில் ஒரு சுருட்டுக் கடைக்காரரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். இளம் வயதிலேயே ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பல ஊர் மாறி, கண்டிக்குப் பக்கத்துக் கடுகண்ணாவைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். சிங்களம் எங்களைவிட நன்றாகப் பேசுவார். மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டை இல்லாமல் படலையைத் தாண்டமாட்டார். அம்மாவின் பாதி ஆயுள் அந்தக் காற்சட்டைகளைத் தோய்த்து அயன் பண்ணுவதிலேயே போனது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைக் கூட்ஸ் ஷெட்டுக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டார். அந்த மனிதர் பூட்டியதால்தான் உயிர் தப்பினோம். மறுநாள் பிற்பகல்வரை கதவு திறக்கவில்லை. பிறகு லொறியில் ஏற்றி அகதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அப்பா ஒரு வெறுஞ்சாக்கைத் தனக்கு முன்னால் பிடித்துக்கொண்டே நின்றார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

ஓய்வுபெற்று, அம்மாவும் போன பிறகு இந்த நோய் வந்தது. சிறுநீர் போவதில் சிரமம் என்று கண்டிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் எடுத்தார்கள், பிறகு சதைத் துணுக்கு எடுத்தார்கள். புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், தொடக்க நிலை. டொக்டர் பொறுமையாக விளக்கினார். இது மெதுவாக வளரும் வகை. வெட்டி எடுக்கலாம், ஆனால் பிறகு சிறுநீர் கட்டுப்படாமல் போகக்கூடும். அல்லது இப்போதைக்கு வெட்டாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, இடையிடையே துணுக்கும் எடுத்துப் பார்த்து, அது மாறத் தொடங்கினால் உடனே வைத்தியம் செய்யலாம்.

"அப்ப பாத்துக்கொண்டிருப்பம் டொக்டர். வெட்ட வேண்டாம்" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுக்குள்ள பாம்பு கிடக்குது எண்டு தெரிஞ்சும் பாத்துக்கொண்டிருக்கிறதோ அப்பா?" என்று பஸ்ஸில் வைத்தே சண்டை பிடித்தேன். பேராதனைப் பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி. ஆண்களெல்லாம் இறங்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும், வழக்கம்போல அப்பாவை மட்டும் தனியே நிறுத்தி, கைகளை உயர்த்தச் சொல்லித் தடவிப் பார்த்தார்கள். திரும்பி ஏறிவந்து என் பக்கத்தில் இருந்து மெல்லச் சொன்னார்:

"வெட்டின பிறகு இதில எப்பிடிப் பிள்ளை நிக்கிறது? ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுவாங்கள். எதால மறைக்கிறது? கூட்ஸ் ஷெட்டுக்குள்ள ஒருக்காக் காற்சட்டை நனைஞ்சது போதும்."

அதன்பிறகு நான் வெட்டச் சொல்லவில்லை.

கிளிநொச்சியில் இருந்த மாமாவுக்குச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. டொக்டர் வெட்டவில்லை என்றால் கைவிட்டுவிட்டார் என்றுதான் எங்கள் சனத்துக்கு அர்த்தம். வடக்கிலிருந்து வரும் ஏ-9 பாதை திறந்திருந்த காலம் அது. அம்மாவின் தம்பியான அவர், செத்த வீட்டுக்கு உடுக்க வெள்ளை வேட்டியும் கையுமாக வந்து இறங்கினார். அப்பா மண்வெட்டியோடு மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், எழும்பி நிக்கிறியள்!"

"ஏன்ரா, படுக்கட்டோ?"

மாமா சில கிழமை நின்று, நன்றாகச் சாப்பிட்டு, வேட்டியைத் திருப்பிக் கொண்டுபோனார். சண்டை தொடங்கிப் பாதை மறுபடி மூடியது. கடைசிச் சண்டையில் மாமா ஷெல் விழுந்து போன செய்தி எங்களுக்கு மாதக்கணக்கில் பிந்தித்தான் வந்தது. "என்ரை சாவுக்கு வந்தவனெல்லோ" என்று அப்பா விக்கி விக்கி அழுதார்.

சோதனைக்கு இரத்தம் கொடுத்து முடிவு வரும்வரை ஒவ்வொரு முறையும் எனக்கு நித்திரை இல்லை. அப்பா குறட்டை விடுவார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் முடிவு என்னவோ என்றே மனம் ஓடும். "அப்படியே இருக்கிறது" என்று டொக்டர் சொன்னால் ஒரு மாதம் நிம்மதி, பிறகு பழையபடி. உண்மையைச் சொன்னால், களைத்துப் போனேன்.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள் பஸ் பாலத்தடியில் நிற்காமலே போனது. அப்பா பழக்கதோஷத்தில் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். "இனி வெட்டலாமே அப்பா?" என்று கேட்டேன். "அது தன்ரை பாட்டில கிடக்குது. அதை ஏன் குழப்புறது?" என்று அட்டையைப் பொக்கற்றில் வைத்தார்.

சென்ற ஆண்டு காலைத் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் பிரிந்தது. "அந்த நோயோ?" என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த நோய் இல்லை. அது இருந்தபடியே இருந்தது, அப்பாவோடு சேர்த்து எரித்துவிட்டோம்.

அவசரப்படுத்தாத டொக்டருக்கும், அன்று பூட்டுப் போட்ட ஸ்டேஷன் மாஸ்டரின் பிள்ளைகளுக்கும், பாடை சுமந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்கு வேட்டிதான் உடுத்த வேண்டும் என்று வாதாடி, பிறகு என் பிடிவாதத்துக்கு விட்டுக்கொடுத்த பெரியவர்களுக்கும் நன்றி. அப்பா தமது வெள்ளைக் காற்சட்டையோடுதான் போனார். நான்தான் அயன் பண்ணினேன். அதில் ஒரு துளி ஈரம் இருக்கவில்லை.