சிகரப் படையின் கால்கள்

பிரதாப்புக்குக் கால் வரைய வராது. கொட்டகலை பஜாரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் எழுதியதுதான். எழுத்து அச்சு மாதிரி நிற்கும். மனிதனுக்குப் பாதம் போடச் சொன்னால் மட்டும் கை ஓடாது. இந்த லட்சணத்தில்தான் மனிதர் தொண்ணூற்றாறில் ஒரு சூப்பர் ஹீரோக் கூட்டத்தை உருவாக்கிச் சித்திரக்கதை போட்டார். பெயர் ‘சிகரப் படை’. நாலு மீசைக்காரர்கள், ஒரு பெண். ஐந்து பேரும் எந்நேரமும் தேயிலைக்குள்ளேயே நிற்பார்கள். இடுப்புக்குக் கீழே செடி, பறந்தால் பனிமூட்டம். மஃறூப் நானா கடையில் போட்டோ கொப்பி அடித்து இரண்டு இதழ் வந்தது, அதோடு சரி.

இத்தனை வருடம் கழித்து அந்த இரண்டு இதழும் எப்படியோ சர்மிளா டீச்சர் கையில் சிக்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் சிகரப் படையின் குறைகளைப் பற்றிப் பேசப்போகிறாளாம். பக்கங்களைத் திரையில் போட்டும் காட்டுவாளாம். கேட்டதிலிருந்து பிரதாப் பயந்துகொண்டே இருந்தார்.

குறை சொல்வதற்காக அல்ல. கதையில் வரும் ‘மின்னல்’ என்ற பெண்ணுக்கு அவர் போட்டிருந்தது எதிர் லயத்து வரிசை வீட்டில் இருந்த வீரம்மாவின் முகம். முதல் இதழை அவளிடம் கொடுத்துத்தான் அவள் மனதில் இடம் பிடித்தார். இரண்டாவதில் அவளைக் கொன்றுவிட்டார். தலைவனுக்குக் கோபம் வந்தால்தான் சண்டை. கோபம் வர யாராவது சாக வேண்டும். மீசைக்காரர்களைக் கொல்ல மனம் வரவில்லை. அதற்குள் வீரம்மாவோடு கல்யாணம் நிச்சயமானது. தன் முகம் செத்துக் கிடப்பதைப் போய்க் கல்யாணப் பெண்ணிடம் யார் காட்டுவார்? தாள் கிடைக்கவில்லை, இரண்டாவது இதழ் வரவே இல்லை என்று சொல்லிவிட்டார். வீரம்மா இன்று வரை அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை அவள் நல்ல சேலையை எடுத்து உதறினாள்.

“நீ எதுக்கு வர்ற? கால் வலின்னியே.”

“என் மொகத்தத் திரையில காட்டுறாங்க, நான் வராம இருப்பேனா?”

ஆட்டோவில் போகும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை.

சர்மிளா சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். “பெல்ட்டு முழுக்கப் பையா மாட்டியிருக்காங்க. ஒரு பையையாவது யாராச்சும் தெறந்தாங்களா? ரொட்டியும் சம்பலும் சாப்பிடுறவங்களுக்கு இவ்வளவு பெரிய புஜம் எங்கருந்து வந்துச்சு? முக்கியமா, இவங்களுக்குக் கால் இருக்கா இல்லையா?” கூட்டம் கைதட்டியது. பிரதாப்பும் சிரித்தார், சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

அடுத்து அந்தப் பக்கம் வந்தது. திரை முழுக்க வீரம்மா செடிகளுக்கு நடுவே செத்துக் கிடந்தாள். “இருக்கிறதே ஒரே ஒரு பொண்ணு. அவளையும் தலைவருக்குக் கோபம் வரணும்னு கொன்னுட்டாரு பிரதாப் அண்ணே” என்றாள் சர்மிளா.

பிரதாப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை.

வீரம்மா எழுந்து நின்றாள். “டீச்சர், அதுக்கு அடுத்த பக்கத்தக் காட்டுங்க.”

அதில் நாலு மீசைக்காரர்களும் முஷ்டியை உயர்த்திக் கத்தினார்கள். அதற்கடுத்தது சண்டை. கடைசிப் பக்கத்தில் வெற்றிச் சிரிப்பு.

“அப்போ அவள யாரு தூக்குனா?” என்று கேட்டாள் வீரம்மா.

சர்மிளா பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

“தோட்டத்துல ஒரு சாவு விழுந்தா நாங்க யாரும் கொழுந்து பறிக்கப் போக மாட்டோம். தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டுத்தான் மத்த வேலை. இவங்க அவளத் தேயிலைக்குள்ளயே போட்டுட்டுப் போயிட்டாங்களே.” உட்கார்ந்துவிட்டாள்.

வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பிரதாப் நிம்மதியாக இருந்திருப்பார்.

மறுநாள் அவர் பஜார்ப்பக்கம் வேலைக்குப் போகாமல் ஒரு தாளை விரித்தார். நாலு மீசைக்காரர்களும் மின்னலைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாதையில் செடி கிடையாது, வெறும் மண் ரோடு. பனியைப் போட்டு மறைக்கவும் மனம் ஒப்பவில்லை. தன் காலையே ஸ்டூல்மேல் தூக்கி வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார், அழித்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த வீரம்மா எட்டிப் பார்த்தாள். “எல்லாமே எடக்காலாவுல்ல இருக்கு?”

அப்பாடா, பேசிவிட்டாள். அவர் மறுபடி அழித்தார். மத்தியானத்துக்குள் எட்டுக் கால்களும் ஒருவாறு நடக்கத் தொடங்கின. பாடையில் கிடப்பவளின் முகம்தான் பாக்கி. அங்கே பென்சில் நின்றுவிட்டது. தன் இருபத்திரண்டு வயதில் அவளைத் தாளில் கொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. இப்போது அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே அவருக்கு நெஞ்சு திக்கென்கிறது.

“வேணாம் வீரம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

அவள் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். “பாதியில விடாதீங்க. கண்ண மூடிக்கவா?”

மூடிக்கொண்டாள். அவர் பென்சிலை எடுத்தார்.

“மூச்ச மட்டும் நல்லா விடு” என்றார். “எனக்குக் கேக்கணும்.”