வேணிக்குத் தோல் உரிந்த வாரம்

விக்கிரமங்கலத்தில் பிறந்து பாடாலூரில் வாழ்க்கைப்பட்ட வேணிக்குப் பதினைந்து வருஷமாக வெங்காயக் காடுதான் ஆபீஸ். அந்த ஆபீஸ் கொடுத்த பதவி உயர்வு, இரண்டு கன்னத்திலும் கரும்பழுப்பாக மங்கு. யாராவது போனைத் தூக்கிப் படம் பிடித்தால், அந்த நேரம் பார்த்து அவளுக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியிருக்கும். கல்யாண மண்டபத்தில்கூட.

ஒருநாள் துணிந்து பெரம்பலூர் போனாள். தோல் டாக்டர் பானுப்ரியா முகத்தில் ஒரு திரவத்தைப் பூசினார். சுருசுருவென்று எரிந்தது. இரண்டு மூன்று நாளில் மேல்தோல் உரியும் என்றார். உரிகிற வாரத்தில் வெயில் ஆகாது, பிய்க்கக் கூடாது, மஞ்சள்கூடப் பூசக் கூடாது. மீறினால் மங்கு முன்னைவிடக் கறுக்கும். வேணி தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அது வெங்காயம் பிடுங்குகிற வாரம். காட்டுக்கு வர மாட்டேன் என்று கணவன் தங்கராசுவிடம் எந்த வாயால் சொல்வது?

தலைவலி என்று சொல்லி முக்காட்டுக்குள்ளேயே ஒளிந்து பார்த்தாள். மூன்றாம் நாள் காலை கூப்பிட வந்த தங்கராசு அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். கன்னமெல்லாம் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினான்.

“தாயி, எப்ப வந்தீங்க?”

அவன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். சிரிப்பு முட்டினாலும் வேணி உள்ளதைச் சொன்னாள்: இது அம்மை இல்லை, டாக்டர் போட்ட மருந்து. ஆத்தா இறங்கினால் அப்படித்தான் எதையாவது பேசுவாள் என்று அவன் வாசலில் வேப்பிலை செருகினான். சன்னலுக்குப் படுதா கட்டினான். இளநீர் வந்தது. அவள் மேல் வெயில் விழாமல் தெருவே காவல் காத்தது.

எல்லாம் சுகமாகப் போகும்போது, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த உருண்டையோடு தங்கராசு வந்து நின்றான். அதைப் பூசினால் அத்தனையும் பாழ். வேணி எழுந்து உட்கார்ந்து கண்ணை உருட்டினாள்.

“மூஞ்சில கைய வச்ச, அப்புறம் நான் போவவே மாட்டேன்டா.”

உருண்டையைத் தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டு ஓடினான்.

உரிந்து முடிந்ததும் அவனே பைக்கில் டாக்டரிடம் கூட்டிப் போனான். இவ்வளவு ஒழுங்காக வெயிலுக்குத் தப்பியவர் யாருமில்லை என்று பாராட்டிய பானுப்ரியா, மருந்து எப்படித் தோலை உரித்தது என்றும் விளக்கினார். தங்கராசு கூரையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே வந்ததும் திட்டு விழும் என்று வேணி காத்திருந்தாள்.

“நல்லாத்தான் இருக்க,” என்றான். “ஆனா அந்த ‘டா’ மட்டும் ஆத்தா சொன்னதாவே இருக்கட்டும்.”

மங்கு முழுக்கப் போகவில்லை. பாதி மங்கி, தோல் வழுவழுப்பாகியிருந்தது. விஷயம் தெரிந்த தெருப் பெண்களுக்கு அது போதும். அடுத்த மாதம் மறுபூச்சுக்கு வேணி பஸ் ஏறியபோது, பின்னாலேயே லீலாவதி, பொன்னுத்தாய், சத்யா என்று ஒரு பட்டாளமே ஏறியது. அந்த வாரம் காட்டில் குனிந்து நின்றதெல்லாம் ஆம்பளைங்கதான்.