கொட்டிலுக்குப் போன குடும்பம்

போன பெருநாளன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த, சின்னம்மா முறையான சாச்சியின் மகன், பதினைந்து வயதுப் பெரிய மனிதர், வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வேற உலகத்து அனிமே எல்லாம் ஒண்டுதான் ராத்தா. ஒருத்தன் லொறில அடிபட்டு மவுத்தாவான். கண்ண முழிச்சா வேற உலகம். கேக்காமலே மந்திரம் கிடைக்கும், ஊடு கிடைக்கும், ஊரே வந்து நிண்டு மரியாத குடுக்கும். ஒண்டப் பாத்தா நூறப் பாத்த மாதிரித்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையிலிருந்த தட்டைப் பறித்திருப்பேன். பெருநாள் என்பதால் விட்டேன். எல்லாம் ஒன்றல்ல. அந்த நூறுக்கு நடுவில் தனியாக நிற்கிற ஒன்றை நான் பதினொரு வயதில் பார்த்திருக்கிறேன். இருபத்துநான்கு பாகங்களில் இருபத்திரண்டைப் பார்த்தேன். மீதி இரண்டும் கிடைக்காமல் போனதற்கு என் வாயும் என் கையும்தான் காரணம்.

அந்த வருடம் என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நிந்தவூர். வாப்பா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். புதுச் சோபாச் செட்டி வந்தது, புது அலுமாரி வந்தது, பென்டிரைவ் குத்திப் பார்க்கக்கூடிய ஒரு பெரிய டீவியும் வந்தது. டீவி கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டதால் அது எங்களுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். காக்கா அப்படி நினைத்திருக்கமாட்டான்.

காக்கா என்றால் அண்ணன். இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். கல்முனை பஸாரில் ஒரு போன் கடையில் பென்டிரைவைக் கொடுத்தால் கேட்ட படத்தை ஏற்றித் தருவார்கள். காக்கா ஏற்றிக்கொண்டு வந்தது அந்தத் தொடர். தினமும் பின்னேரம், பாடசாலை விட்டு வந்து சோறு தின்ற கையோடு, நானும் அவனும் புதுச் செட்டியின் பொலித்தீனைக் கழற்றாமல் அதன்மேல் உட்கார்ந்து பார்ப்போம்.

கதை மற்றத் தொடர்களைப் போலத்தான் தொடங்கும். ஒரு ராசா மந்திரம் ஓதி வேறு உலகத்திலிருந்து ஒருவனை வரவழைக்கிறான். வந்தவன் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டும். ஒரு கிராமத்தில் நல்ல வீடாகப் பார்த்து, அங்கே இருந்த மாவரைக்கிற மனிதனின் வீட்டை அவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாவரைக்கிறவன் பெருமையோடு தலையாட்டுகிறான். அந்தக் குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருக்கிற மாட்டுக் கொட்டிலுக்குப் போகிறது.

மற்றத் தொடராக இருந்தால் அத்தோடு அந்தக் குடும்பத்தை மறந்துவிடும். இது மறக்கவில்லை. வாள், நெருப்பு, பறக்கிற பாம்பு எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும், ஒரு நிமிடம் அந்தக் கொட்டிலைக் காட்டும். மழை ஒழுகும். தாய் ஈரவிறகை ஊதிக்கொண்டிருப்பாள். மூத்த மகன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறகு கொத்துவான். அவனுடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பேச்செல்லாம் ஜப்பான் மொழி. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து என் கண்ணுக்கு எட்டுவதற்குள் ஓடிப்போகும். கலியாண வீட்டில் கார்ட்டூன் சத்தம் கேட்கக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை, அதனால் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து இல்லையென்றே ஆக்கி வைத்திருந்தோம். காக்கா எழுத்தை வாசித்துச் சொல்லுவான், நான் கேட்பேன். கொட்டில் வந்தால் நான் செட்டியின் நுனிக்கு வந்துவிடுவேன்.

"காக்கா, அவன் என்னவாம்?"

"வந்தவன எல்லாருக்கும் தெரியுமாம். வெளியானவங்கள ஒருத்தருக்கும் தெரியாதாம்."

இன்னொரு நாள், "தட்டாமத் திறக்கிற கதவு ஒண்டு தனக்கும் எங்கயாவது இரிக்குமா எண்டு கேக்கிறான்," என்றான்.

"பாவம் காக்கா. அவன் நல்லாக் கதைக்கிறான்."

"ஓம். அதுக்குத்தான் இந்தப் படம் மத்ததுகளப் போல இல்ல."

இருபத்திரண்டாம் பாகம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் பந்தல் போட்டார்கள். டீவிக்கு முன்னால் கதிரைகளை அடுக்கினார்கள். கலியாணம் நடந்தது. மூன்றாம் நாள் காலையில் உம்மா என் பாயையும் தலையணையையும் சுருட்டி என் கையில் தந்தார்.

எங்கள் ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். பெற்றவர்களும் மற்றப் பிள்ளைகளும் வெளியேறிவிடவேண்டும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. நடக்கும்போது எல்லோரும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள், அதுதான் இதிலே எனக்குப் பிடிக்காத முதல் விடயம். வாப்பா வளவின் பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு குசினியுமாகத் தகரக் கூரை போட்டு வைத்திருந்தார். ஆறு மாதமாக அது கட்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெல் மூட்டை வைக்க என்று நினைத்திருந்தேன். மூட்டை நாங்கள்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

டீவி முன்வீட்டில். பென்டிரைவ் டீவியின் முதுகில். கடைசி இரண்டு பாகமும் பென்டிரைவில். நான் ஒரு கிழமை பொறுத்தேன். "விடு புள்ள, பொறகு பாப்பம்," என்று காக்கா சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான், விடு, பொறகு. எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம். உம்மா புது மாப்பிள்ளைக்குச் சோறும் இறைச்சிக் கறியும் சமைத்து, பெரிய தட்டத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கதவு சாத்தியிருந்தது. உம்மா நின்றார். ஒரு இருமல் இருமினார். திறக்கவில்லை. மறுபடியும் இருமிவிட்டு, கை இரண்டிலும் பாரத்தோடு அப்படியே காத்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் அந்தக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போய்வந்தவர்.

நான் உம்மாவை விலக்கிவிட்டுக் கதவைத் தள்ளினேன். பூட்டியிருக்கவேயில்லை. உள்ளே ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், புதுச் செட்டியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பொலித்தீன் இல்லை. டீவியில் எங்கள் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, முதலாம் பாகம். அந்தக் குடும்பம் சட்டி பானையோடு கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. "வாங்க மச்சி, இருங்க," என்றார்.

என்னுடைய வீட்டில் என்னை வரச்சொல்லி, என்னை இருக்கச்சொன்னார். அதற்குமேல் எனக்குக் கண் தெரியவில்லை. டீவிக்குப் பின்னால் கையை விட்டு, ஓடிக்கொண்டிருந்த பென்டிரைவைப் பிடுங்கினேன். "இது எங்கட ஊடு! நீங்க கொட்டிலுக்குப் போங்க!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன்.

உம்மா தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கன்னத்தில் ஒன்று போட்டார். ராத்தா அறைக்குள்ளிருந்து ஓடி வந்து, என்ன நடந்ததென்று தெரியுமுன்னே அழத் தொடங்கினாள். மச்சான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, சோற்றைத் தொடாமல், மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டார்.

கலியாணம் முடிந்து பத்து நாளில் மாப்பிள்ளை தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போவது என்றால் அது சின்ன விடயமில்லை. திரும்பி வராவிட்டால் ராத்தாவின் வாழ்க்கை அந்தப் பத்து நாளோடு முடிந்தது. வாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அடிக்கவில்லை. காக்காவைப் பார்த்து, "வா," என்றார். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து நிந்தவூர் போனார்கள். சொன்னது நான். மன்னிப்புக் கேட்டது காக்கா. அந்த வீட்டு வாசலில், அவர்களுடைய சொந்தக்காரர் இத்தனை பேருக்கு முன்னால், "தங்கச்சி சின்னப் புள்ள, நான் கேக்கிறன், மன்னிச்சிக்கங்க," என்று நின்றிருக்கிறான். இதை வாப்பா உம்மாவிடம் சொன்னபோது பெருமையாகத்தான் சொன்னார். என்ன பெருமை அதிலே என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மச்சான் ஒரு பெட்டி மஸ்கட் அல்வாவோடு திரும்பி வந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பென்டிரைவ் செத்துப்போயிருந்தது. எங்கே குத்தினாலும் அழித்து எழுதவா என்றுதான் கேட்டது. போன் கடையிலும் அந்தத் தொடர் இல்லாமல் போயிருந்தது. நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் காக்கா வந்து, கூட்டாளியின் போனில் மீதியைப் பார்த்துவிட்டதாகச் சொன்னான்.

"முடிவு என்ன காக்கா?"

"அந்த மூத்தவன் கடலுக்கு அங்கால தூர ஊருக்குப் போறான். வேல செஞ்சி வந்து ஒரு ஊடு கட்டுறான். அவன்ட தங்கச்சிக்கு."

"அவனுக்கு?"

"அதக் காட்டல்ல."

அதென்ன படம், மூத்தவனுக்கு வீடு காட்டாத படம் என்று நான் சண்டை பிடித்தேன். காக்கா சிரித்தான். பரீட்சை முடிவு வந்தது. மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு. அதை யார் கேட்டார்கள்? அடுத்த மாதம் வேலைக்குக் கட்டாருக்குப் போய்விட்டான்.

ஒன்பது வருடம். தகரக் கூரையிருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது. முதலில் அத்திவாரம், பிறகு சுவர், ஒரு வருடம் சும்மா கிடந்து பிறகு கூரை. அதில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது காக்கா அக்கரைப்பற்றில் பொண்டாட்டி வீட்டில் இருக்கிறான். அது அவனுடைய மாமா கட்டிய வீடு. ஊரில் எல்லோரும், "காக்கா எண்டா இப்பிடி இரிக்கணும்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பொடியனின் ஒன்பது வருடத்தை மேசன்மாருக்குக் கொடுத்துவிட்டு அவனுக்கு ஒரு வாய்ப் புகழ்ச்சி. வாங்கிக்கொண்டவளுக்கு அதுவும் வேண்டியதில்லை, கதவைத் திறந்து குடிபோனால் போதும். நானும் போனேன். சிரித்த முகத்தோடுதான் போனேன்.

சாச்சியின் மகன் தோற்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தொடரைத் தேடச்சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எடுத்து என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டான். இரண்டு பகல், வேலைகளுக்கு நடுவே, முதலிலிருந்து பார்த்தேன். இப்போது எனக்கு ஆங்கிலம் தெரியும், சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் ஆளில்லை.

முதலாம் பாகம் முடிந்தது. கொட்டில் வந்தது. மழை ஒழுகியது. தாய் விறகை ஊதினாள். மூத்த மகன் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தினான். கோடாரிச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே ஒரு எழுத்தும் வரவில்லை. பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தேன். இரண்டாம் பாகம், ஐந்தாம் பாகம், பதினாறாம் பாகம். கோடாரி, மழை, கோடாரி. கடைசி இரண்டு பாகத்தில் வந்தவன் எல்லோரையும் வென்று முடி சூடுகிறான், ஊர் கைதட்டுகிறது. மூத்தவன் எந்தத் தூர ஊருக்கும் போகவில்லை. கைதட்டுகிற கூட்டத்தில்கூட அவனைக் காட்டவில்லை. இருபத்துநான்கு பாகத்திலும் அவன் ஒரு சொல் பேசவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. காக்கா, மாம்பழப் பையோடு.

"தொறந்துதான் கெடக்கு காக்கா. நீ கட்டின ஊடு, என்னத்துக்குத் தட்டுறாய்?" கோபமாகத்தான் கேட்டேன்.

"ஒரு சத்தம் குடுத்துட்டு வாறதுதானே புள்ள," என்று சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினான்.

"அவன் என்னவாம்?" என்று பதினொரு வயதில் அவனிடம் இருபத்திரண்டு தடவை கேட்டிருக்கிறேன். "நீ என்ன சொல்றாய் காக்கா?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.